ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள்: தொடக்கமும் துணைக்கருவிகளும்

ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள் ஒன்றை வாங்கியவர்களில் பலர் அடுத்ததாகத் தேடுவது ஸ்கோப்பையும் (குறிபார்க்கும் தொலைநோக்கி), இருகால் தாங்கியையும், தோள்வாரையும்தான். இவற்றில் ஒன்று பயன்படும். மற்ற இரண்டும் இந்த வகைத் துப்பாக்கியில் குறியைக் கெடுக்கவே வாய்ப்பு அதிகம். எது பொருந்தும், எது பொருந்தாது என்பதைத் துப்பாக்கியின் உள்ளே நிகழும் இயக்கமே முடிவு செய்கிறது என்பதால், அதைப் புரிந்துகொண்ட பிறகே பணத்தைச் செலவிடுவது நல்லது.

குழலை மடக்கியோ, அடியில் உள்ள நெம்புகோலை இழுத்தோ சுருள்வில்லை ஏற்றும்போது, பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட்டு, அந்தக் கனமான வில் சுருங்கி, ஒரு கொக்கியில் மாட்டிக்கொண்டு நிற்கிறது. விசையை (ட்ரிக்கரை) இழுத்ததும் பிஸ்டன் முன்னோக்கிப் பாய்ந்து அறையில் உள்ள காற்றைக் கண்ணிமைப்பதற்குள் அழுத்துகிறது. அந்தக் காற்று ஒரு சிறு துளை வழியாகச் சென்று பெல்லட் எனப்படும் சிறு குண்டைக் குழலுக்குள் தள்ளுகிறது. பிஸ்டன் முன்னே பாயத் தொடங்கும்போது துப்பாக்கி பின்னே நகர்கிறது; அழுத்தப்பட்ட காற்று பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும்போது துப்பாக்கி முன்னே இழுக்கப்படுகிறது. வெடிமருந்துத் துப்பாக்கியில் ஒரே திசையில் வரும் உதைப்பு இங்கே இரு திசைகளிலும் வருகிறது. அதோடு, பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்கு முன்பே துப்பாக்கி அசையத் தொடங்கிவிடுகிறது என்பதே இந்த வகைத் துப்பாக்கியைப் பழகுவதில் உள்ள கடினம் அனைத்துக்கும் காரணம்.

எதை வாங்குவது

புதிதாகத் தொடங்குபவருக்கு வலிமை மிகுந்த துப்பாக்கி தேவையில்லை. வில் எவ்வளவு கடினமோ அவ்வளவுக்கு உதைப்பும் அதிகம். ஒரு மணி நேரப் பயிற்சியில் கை சோர்ந்துபோவதும் விரைவு. 7 முதல் 16 ஜூல் வரையிலான ஆற்றல் தாள் இலக்குகளுக்குப் போதுமானது என்பதே என் கருத்து. ஜெர்மனியின் வைரௌக் எச்.டபிள்யூ. 30 போன்ற மென்மையான துப்பாக்கிகளைத் தேர்ந்த சுடுநர்களும் விரும்பி வைத்திருப்பதற்குக் காரணம் இதுதான். இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் ரைஃபிளின் உச்ச ஆற்றல் ஏறத்தாழ 16.3 ஜூல், ஜெர்மனியில் 7.5 ஜூல். ஒவ்வொரு நாட்டிலும் ஆற்றல், வயது, சுடுமிடம் ஆகியவற்றுக்கு வெவ்வேறு விதிகள் இருப்பதால், தாம் வாழும் இடத்தின் சட்டத்தைத் தெரிந்துகொள்வது வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை.

குழல் அளவுகளில் 4.5 மி.மீ., 5.5 மி.மீ. ஆகிய இரண்டும் பரவலானவை. ஒரே 16 ஜூல் ஆற்றலில் 0.52 கிராம் எடையுள்ள 4.5 மி.மீ. பெல்லட் நொடிக்கு ஏறத்தாழ 248 மீட்டர் வேகத்திலும், 0.95 கிராம் எடையுள்ள 5.5 மி.மீ. பெல்லட் ஏறத்தாழ 184 மீட்டர் வேகத்திலும் கிளம்பும். வேகமாகச் செல்லும் பெல்லட்டின் பாதை குறைவாக வளைவதால், தூரத்தைச் சற்றுத் தவறாகக் கணித்தாலும் 4.5 மி.மீ. மன்னித்துவிடும். பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிகளிலும் அதே அளவுதான் பயன்படுகிறது. தாள் இலக்குக்குத் தொடங்குபவர் வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிடப்படும் வேகத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது. மிக இலேசான உலோகக் கலவைப் பெல்லட்டைக் கொண்டு எடுக்கப்பட்ட எண்ணாக அது இருக்கக்கூடும். ஒலியின் வேகமான நொடிக்கு 340 மீட்டரை நெருங்கும்போது இடை சிறுத்த வடிவமுள்ள பெல்லட் நிலைகுலையத் தொடங்குவதால், அந்த வேகம் கிடைத்தாலும் பயன் இல்லை.

மடக்குக் குழல் வகை எடை குறைந்தது, எளிமையானது. அடி நெம்புகோல் வகையில் குழல் அசையாமல் நிலையாக இருப்பதால் துல்லியம் சற்றுக் கூடும். எடையும் விலையும் கூடும். சுருள்வில்லுக்குப் பதிலாக வாயு நிரப்பிய உருளை உள்ளவற்றில் வில்லின் அதிர்வும் முறுக்கும் இருப்பதில்லை. ஆனால் இருதிசை உதைப்பு அவற்றிலும் உண்டு.

முதல் நாளில் கவனிக்க வேண்டியவை

ஏற்றிய துப்பாக்கியில் குழல் மடங்கியிருக்கும்போது விசை விடுபட்டால், குழல் பெரும் வேகத்துடன் மேலே தாக்கி மூடிக்கொள்ளும். விரல் உடையலாம், குழலே வளைந்துவிடலாம். ஆகவே பெல்லட்டை உள்ளே வைத்து மூடும் வரை ஒரு கையால் குழலை உறுதியாகப் பிடித்திருப்பதும், மற்றொரு கையின் விரல் விசைக்கு அருகே போகாமல் இருப்பதும் கட்டாயம். அடி நெம்புகோல் வகையிலும் பெல்லட் வைக்கும் நேரம் முழுவதும் நெம்புகோலை விடக் கூடாது. உள்ளே தடுப்புப் பல் இருக்கிறதே என்று அலட்சியமாக இருப்பது சரியல்ல. பல் தேயும் பொருள்.

பெல்லட் இல்லாமல் சுடக் கூடாது. பெல்லட்டின் தடை இருந்தால்தான் பிஸ்டனின் முன் காற்று மெத்தை உருவாகிறது. அது இல்லாதபோது பிஸ்டன் அறையின் முகப்பில் நேராக மோதி, பிஸ்டனின் அடைப்பு வளையமும் வில்லும் சேதமடையும். ஏற்றிய நிலையில் துப்பாக்கியை நெடுநேரம் விட்டுவைத்தாலும் வில் தளரும்.

பாதுகாப்புக் கண்ணாடி அணிவதில் விலக்கே இல்லை. குறி தவறிய பெல்லட் சில நூறு மீட்டர் தொலைவு செல்லக்கூடும் என்பதால், இலக்குக்குப் பின்னால் நம்பகமான தடுப்பு வேண்டும். எஃகுத் தகட்டைப் பின்புறம் வைத்து, அதன் முன் மின்குழாய் அடைக்கும் களிமண் போன்ற பசையை ஐந்து சென்டிமீட்டர் தடிமனுக்கு அப்பிய பெட்டி ஓசையில்லாமல் பெல்லட்டை விழுங்கிக்கொள்ளும். கடின மரமும் ரப்பர்ப் பலகையும் பெல்லட்டைத் திருப்பி அனுப்பக்கூடியவை. எஃகுக் குண்டுகளை வரிப்பள்ளம் உள்ள குழலில் இடவே கூடாது. அவை குழலைக் கீறுவதோடு எதில் பட்டாலும் தெறித்துத் திரும்பும். பெல்லட்டுகள் பெரும்பாலும் ஈயம் என்பதால், பயிற்சி முடிந்ததும் கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

புதிய துப்பாக்கியிலிருந்து முதல் சில டஜன் சூடுகளில் புகையும் எரிந்த எண்ணெய் வாசனையும் வருவது இயல்பு. அழுத்தத்தால் சூடேறும் காற்று, அறையில் மிஞ்சியுள்ள எண்ணெயை எரிப்பதன் விளைவு அது. அந்தக் கட்டத்தில் பெல்லட்டின் வேகம் ஒரே சீராக இராது. குறி சரியில்லை என்று முடிவு கட்ட அவசரப்பட வேண்டாம். சில நூறு பெல்லட்டுகள் சென்ற பிறகே துப்பாக்கி தன் இயல்புக்கு வரும்.

பிடிக்கும் முறை

இறுகப் பிடிப்பதுதான் துல்லியம் என்ற எண்ணம் இங்கே எடுபடாது. துப்பாக்கி எப்படியும் அசையப்போகிறது. அது ஒவ்வொரு முறையும் ஒரே விதமாக அசைய விடுவதே சுடுநரின் வேலை. விசைக் காப்புக்குச் சற்று முன்னால், துப்பாக்கியின் எடை சமப்படும் இடத்தை, விரல்களால் பற்றாமல் விரித்த உள்ளங்கையில் தாங்க வேண்டும். தோளில் அழுத்தாமல் தொட்டும் தொடாமலும் வைத்து, கன்னத்தை இலேசாகச் சாய்த்து, விசை விடுபட்ட பிறகும் இலக்கையே ஒரு கணம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். உள்ளங்கை இருக்கும் இடத்தை ஓரிரு சென்டிமீட்டர் முன்பின் மாற்றிப் பார்த்தால், பெல்லட் துளைகளின் கொத்து சுருங்குவதும் விரிவதும் தாளிலேயே தெரியும். எந்த இடத்தில் சிறிய கொத்து கிடைக்கிறதோ, அந்த இடத்தில் ஒரு சிறு ஒட்டுத்தாளை அடையாளமாக ஒட்டிவைப்பது நல்ல பழக்கம்.

மேசையிலிருந்து சுடும்போது துப்பாக்கியை மணல்மூட்டை மீது நேராக வைக்காமல், மூட்டை மீது கையையும் கையின் மீது துப்பாக்கியையும் வைக்க வேண்டும். கடினமான பரப்பின் மீது நேராக வைத்தால் அது எகிறும். பெல்லட் தடம் மாறும்.

துணைக்கருவிகளில் முதலாவது பெல்லட்

பெல்லட்டைத் துணைக்கருவி என்று யாரும் சொல்வதில்லை. எனினும் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது அதுதான். ஒரே தயாரிப்பைச் சேர்ந்த இரு துப்பாக்கிகள்கூட வெவ்வேறு பெல்லட்டை விரும்பும். தட்டைத் தலை பெல்லட் தாளில் சுத்தமான வட்டத் துளையிடும். பத்து மீட்டருக்கு அதுவே சிறந்தது. இருபது மீட்டருக்கு மேல் உருண்டைத் தலை பெல்லட் வேகத்தை நன்றாகத் தக்கவைக்கும். கூர்முனைப் பெல்லட்டுக்குத் தோற்றத்தைத் தவிர வேறு சிறப்பு அரிது. நான்கைந்து வகைகளைச் சிறு அளவில் வாங்கி, வகை மாற்றும்போது முதல் இருபது பெல்லட்டுகளைக் கணக்கில் சேர்க்காமல், பிறகு ஐந்தைந்தாகச் சுட்டு ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும்.

ஸ்கோப்பும் மவுண்ட்டும்

திறந்த குறிமுள்ளைக் கொண்டே சில வாரங்கள் பழகிய பிறகு ஸ்கோப் பொருத்துவதை நான் பரிந்துரைப்பேன். பிடிக்கும் முறையில் உள்ள பிழைகள் அப்போது ஸ்கோப்பின் மேல் பழியாக விழாது.

வெடிமருந்துத் துப்பாக்கிகளுக்கான ஸ்கோப், விலை உயர்ந்ததாக இருந்தாலும், இதில் உடைந்துபோகலாம். பின்னோக்கிய உதைப்பைத் தாங்கவே அதன் உள் வில்லைகள் பொருத்தப்பட்டிருக்கும். முன்னோக்கிய இழுப்பு அவற்றைத் தளர்த்திவிடும். ஏர் ரைஃபிளுக்கு என்று குறிப்பிட்டு விற்கப்படும் ஸ்கோப்பையே வாங்க வேண்டும். அதில் பாரலாக்ஸ் (கண் விலகும்போது குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வதாகத் தோன்றும் பிழை) சரிசெய்யும் வளையம் பத்து மீட்டர் வரையாவது இறங்க வேண்டும். நூறு கெஜத்தில் நிலைப்படுத்தப்பட்ட ஸ்கோப்பில் பத்து மீட்டர் இலக்கு மங்கலாகத் தெரிவதோடு, கண் சற்று விலகினால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகரும். உருப்பெருக்கம் 3 முதல் 9 வரை போதும். பெரிய ஸ்கோப் எடையைக் கூட்டும். எடை கூடினால், ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு இணைக்கும் பிடிப்பான மவுண்ட் நழுவும்.

மவுண்ட் நழுவுவதுதான் பலர் காரணம் தெரியாமல் தவிக்கும் கோளாறு. ஸ்பிரிங் துப்பாக்கிகளின் மேற்பகுதியில் பெரும்பாலும் 11 மி.மீ. அகலப் பள்ளம் இருக்கும். அதைப் பற்றும் மவுண்ட், உதைப்பால் சிறிது சிறிதாகப் பின்னோக்கி நகரும். ஒரே துண்டாக அமைந்து, துப்பாக்கியின் துளையில் இறங்கும் தடுப்பு ஊசியும் உள்ள மவுண்ட் இதைத் தடுக்கும். பள்ளத்தையும் மவுண்ட்டின் பற்றையும் எண்ணெய் இல்லாமல் துடைத்துவிட்டு, திருகுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். சில மடக்குக் குழல் துப்பாக்கிகளில் குழல் சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கும். ஸ்கோப்பை மேலே திருப்பும் அளவு முழுவதும் தீர்ந்தும் பெல்லட் கீழேயே படுமானால், பின்புறம் உயர்ந்த சாய்வு மவுண்ட் தேவை என்று பொருள்.

குறி சரிசெய்வதைப் பத்து மீட்டரில் தொடங்குவது எளிது. கால் எம்.ஓ.ஏ. (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கே ஒரு எம்.ஓ.ஏ.) அளவுள்ள ஸ்கோப்பில், திருத்தும் குமிழின் ஒரு சொடுக்கு நூறு மீட்டரில் ஏறத்தாழ 7 மி.மீ. நகர்த்தும், பத்து மீட்டரில் அது 0.7 மி.மீ. மட்டுமே. எனவே 15 மி.மீ. திருத்தத்துக்கு ஏறத்தாழ இருபது சொடுக்குகள் தேவைப்படும். நான்கைந்து சொடுக்குகளில் மாற்றம் தெரியவில்லையே என்று ஸ்கோப்பைக் குறை சொல்ல வேண்டாம். ஒரு பெல்லட்டைப் பார்த்துத் திருத்தாமல், ஐந்து துளைகளின் நடுவைப் பார்த்தே திருத்த வேண்டும்.

ஸ்கோப், துப்பாக்கிக் குழலுக்கு ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டர் மேலே இருப்பதால் பெல்லட்டின் பாதை பார்வைக் கோட்டை இரு இடங்களில் வெட்டும். மேலே சொன்ன 248 மீட்டர் வேகத் துப்பாக்கியை 25 மீட்டருக்குச் சரிசெய்தால், பத்து மீட்டரில் பெல்லட் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரும், ஐந்து மீட்டரில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேலும் கீழே படும். அருகில் உள்ள இலக்கில் தவறுவது பலருக்கு வியப்பளிப்பதன் காரணம் இதுதான்.

மற்றவை

இருகால் தாங்கி துப்பாக்கியின் இயல்பான அசைவைத் தடுத்து எகிறச் செய்யும், வேண்டாம். தோள்வார் வளையத்தை மடக்குக் குழலில் மாட்டினால் குழல் இழுபடும். ஸ்பிரிங் துப்பாக்கியின் ஓசையில் பெரும்பகுதி பிஸ்டனிலிருந்தும் வில்லிலிருந்தும் வருவதால் ஓசை அடக்கியால் பெரிய பலன் இல்லை. சில நாடுகளில் அதற்குச் சட்டத் தடையும் உண்டு. பெல்லட்டின் வேகம் அளக்கும் கருவி மட்டும் வாங்கத் தகுந்தது: வேகம் நாளடைவில் குறைந்தால் வில்லோ அடைப்போ தேய்கிறது என்று அது முன்கூட்டியே சொல்லிவிடும். அந்தக் கருவி இல்லாதவர், குழல் மூடும் இணைப்பின் மேல் மெல்லிய காகிதத் துண்டை வைத்துச் சுட்டுப் பார்க்கலாம். காகிதம் பறந்தால் அந்த இணைப்பின் அடைப்பு வளையத்தில் கசிவு இருக்கிறது.

பராமரிப்பு அதிகம் இல்லை. அதிர்வால், துப்பாக்கியின் கட்டையை (பிடிப்பகுதியை) இணைக்கும் திருகுகள் தளர்வதே வழக்கமான தொல்லை என்பதால், ஒவ்வொரு பயிற்சிக்கு முன்பும் அவற்றைச் சோதிக்க வேண்டும். குறி திடீரென்று சிதறினால் முதலில் பார்க்க வேண்டிய இடமும் அதுவே. குழலை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டாம்; துல்லியம் குறையும்போது துணித்துண்டை இழுத்துத் துடைத்தால் போதும். வெளி உலோகத்தில் மெல்லிய எண்ணெய் பூசலாம். காற்றுத் துளை வழியாக அறைக்குள் பெட்ரோலிய எண்ணெய் விடுவது வெடிப்பை உண்டாக்கி அடைப்பையும் வில்லையும் முறிக்கும். வில்லை மாற்ற விரும்புபவர், அது சுடாத நிலையிலும் அழுத்தத்தோடுதான் உள்ளே அடைபட்டிருக்கிறது என்பதை மனத்தில் கொண்டு, வில் அழுத்தும் சட்டம் இல்லாமல் பின்மூடியைக் கழற்றவே கூடாது. அந்தச் சட்டம் இல்லாதவர் வேலையைத் தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடலாம்.