சைக்கிள் செயின் தேய்ந்துவிட்டதா? ஸ்கேல் போதும்

கியர் சைக்கிளின் செயின் மாற்றும் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க 12 அங்குல ஸ்கேல் ஒன்று போதும். செயினை விறைப்பாகப் பிடித்து, கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணியான பின் (pin) ஒன்றின் நடுவில் பூஜ்யத்தை வையுங்கள். புதுச் செயினில் அங்கிருந்து 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். அது 1/16 அங்குலம், அதாவது சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளிப் போயிருந்தால் உடனே மாற்றிவிடுங்கள். 1/8 அங்குலம் வரை விட்டால் பின்சக்கரப் பற்களும் தேய்ந்துவிடும். அப்புறம் புதுச் செயின் போட்டாலும் வழுக்கும், எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியதுதான்.

தேய்மானத்துக்கு முக்கியக் காரணம் எண்ணெயில் ஒட்டும் மணல். எண்ணெய் விட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்றி, வெளியே வழிவதைப் பழைய துணியால் அழுத்தித் துடையுங்கள். உள்ளே இறங்கியது போதும். சமையல் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், பிசுக்கேறிவிடும்.