பழைய லெட் செப்பெலின் இசைத்தட்டு வாங்கும்போது எதைப் பார்ப்பது

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான லெட் செப்பெலினின் பழைய தட்டு கண்ணில் பட்டால், அட்டையைப் பார்த்து மயங்காதீர்கள், முதலில் தட்டை வெளியே எடுங்கள். விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடித்து, ஒற்றை விளக்கின் கீழே சாய்த்துப் பாருங்கள். மெல்லிய மயிரிழைக் கோடுகள் பெரும்பாலும் காதுக்குத் தெரியாது, ஆனால் விரல் நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் 'டப் டப்' என்று கேட்கும். அப்படிப்பட்டதை வாங்காமல் திருப்பி வைத்துவிடுங்கள்.

அப்புறம் கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே உள்ள வெற்று வளையம். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். 1969-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தின் ஆரம்ப அமெரிக்கப் பதிப்புகளில், மாஸ்டரிங் (தட்டு அச்சிடுவதற்கு முன் ஒலியைச் சீர்செய்து மூலத்தட்டில் வெட்டும் வேலை) செய்த ராபர்ட் லுட்விக்கின் முதலெழுத்துகளான 'ஆர்எல்' அங்கே கையால் பொறிக்கப்பட்டிருக்கும். பின்னால் புதிதாக வெட்டி வந்த பதிப்புகளைவிட இதில் சத்தமும் பாஸும் தூக்கலாக இருக்கும், டிரம்ஸ் நெஞ்சில் இடிக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் பார்த்துவிட்டுப் பணத்தை நீட்டாதீர்கள், இரண்டு பக்கமும் பாருங்கள்.

மூன்றாவது ஆல்பம் (1970) என்றால் அட்டைக்குள் இருக்கும் சக்கரத்தை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். துளைகளில் படங்கள் மாற வேண்டும். 1975-இன் இரட்டை ஆல்பத்தில் அட்டையில் உள்ள ஜன்னல் வடிவ வெட்டுகள் கிழிந்திருக்கின்றனவா, உள்ளுறை இரண்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

சரி, வாங்கியாகிவிட்டதா? நிமிர்த்தி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் வளைந்துவிடும்.