பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ: தூரத்தையும் நேரத்தையும் நாமே கணக்கிடலாம்

நம் சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டு விமானம் கிடையாது. சேலத்துக்காரர்களில் பலர் அமெரிக்கா போவதற்குப் பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையத்துக்குத்தான் போகிறார்கள். அதனால் அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். போனில் இருக்கும் கால்குலேட்டரே போதும்.

முதலில் இரண்டு நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும். கூகுள் மேப்பில் அந்த இடத்தை அழுத்திப் பிடித்தால் எண்கள் வரும். பெங்களூர் 13.20 வடக்கு, 77.71 கிழக்கு. சான் பிரான்சிஸ்கோ 37.62 வடக்கு, 122.38 மேற்கு.

அடுத்து தீர்க்கரேகை வித்தியாசம். ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் கூட்ட வேண்டும்: 200.09. இது 180-ஐத் தாண்டிவிட்டது, அதாவது உலகத்தை நீண்ட பக்கமாகச் சுற்றுகிறோம். 360-லிருந்து கழித்தால் 159.91. இதுதான் நமக்கு வேண்டியது.

இப்போது சைன் (sin), காஸ் (cos) பொத்தான்கள் தெரிய போனைக் குறுக்காகத் திருப்பி, கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று பாருங்கள். ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள்:

0.2284 × 0.6104 = 0.1394

அப்புறம் அவற்றின் காஸ்களோடு, 159.91-இன் காஸையும் சேர்த்துப் பெருக்குங்கள்:

0.9736 × 0.7921 × (−0.9391) = −0.7242

இரண்டையும் கூட்டினால் −0.5848. இதற்குக் காஸ் இன்வெர்ஸ் (cos⁻¹) போட்டால் 125.8 டிகிரி; பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கோணம் இது. பூமியின் மேல் ஒரு டிகிரி சுமார் 111.2 கிலோமீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 14,000 கிலோமீட்டர்.

நம்பிக்கை வரவில்லையா? குழந்தைகளின் உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் பசிபிக்கின் நடுவே போகாமல் வடக்கே ஆர்க்டிக் பக்கம் ஏறும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியா இந்த இரு ஊர்களுக்கு நடுவே நேரடிச் சேவையைத் தொடங்கியபோது, பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிவந்த முதல் விமானம் துருவத்தின் மேலாகத்தான் வந்தது.

சரி, நேரம். பெரிய விமானம் மணிக்குச் சுமார் 900 கிலோமீட்டர் பறக்கும். 14,000-ஐ 900-ஆல் வகுத்தால் பதினைந்தரை மணி. ஏறி இறங்க அரை மணி சேருங்கள். ஆனால் தூரம் போல நேரம் கறாராக வராது. மேலே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் காற்று தள்ளும், இல்லை தடுக்கும். ஏதாவது நாடு வான்வெளியை மூடினால் சுற்றிப் போக வேண்டும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு மூடியது அப்படித்தான். 17 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

டிக்கெட்டில் பலரும் குழம்புவது இங்கேதான். திங்கள் மதியம் 2:00-க்குக் கிளம்பி, அதே திங்கள் மாலை 5:30-க்கு இறங்குவதாகப் போட்டிருந்தால் அது மூன்றரை மணிப் பயணம் அல்ல. சான் பிரான்சிஸ்கோ நேரம் குளிர்காலத்தில் நமக்குப் பதின்மூன்றரை மணி பின்னால் (கோடையில் பன்னிரண்டரை). மூன்றரையோடு பதின்மூன்றரையைக் கூட்டுங்கள், 17 வந்துவிடும்.

கடைசியாக நம்ம ரோடு. சேலத்திலிருந்து தேவனஹள்ளி சுமார் 230 கிலோமீட்டர். தொப்பூர் கணவாயில் லாரி எதுவும் கவிழாமல், பெங்களூருக்குள்ளும் சிக்காமல் இருந்தாலே ஐந்து மணி நேரம் ஆகும், ஆறாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மணி நேரம் முன்னதாக உள்ளே இருக்க வேண்டும். 2:00 மணி விமானத்துக்கு அதிகாலை 5:00-க்கே வீட்டைப் பூட்ட வேண்டும், ஆக இறங்கும்வரை மொத்தம் 26 மணி நேரம். இமிக்ரேஷன் வரிசை இதில் சேரவில்லை.