மாமல்லபுரம் ரதத்துல பழைய குடிசையைக் கண்டுபிடிக்கிறது எப்படி

அஞ்சு ரதம் பாக்கப் போறவங்க பாதிப்பேரு யானை பக்கத்துல நின்னு செல்ஃபி எடுத்துட்டு கிளம்பிடறாங்க. ஆனா கோயில் கட்டடம் வீட்டுலேர்ந்து வந்துச்சுன்னு கண்ணால பாக்கணும்னா இத விட வசதியான இடம் இல்ல.

போனதும் சிலைய எல்லாம் விட்டுட்டு கூரைய மட்டும் பாருங்க. வடக்கு ஓரத்துல திரௌபதி ரதம், சதுரமா ஒரு ஓலைக் குடிசை, நாலு பக்கமும் கூரை வளைஞ்சு இறங்குது, மூலைக்கு மூலை ஓலைய அமுக்கிக் கட்டின மாதிரி பட்டை வேற. இது 7-ஆம் நூற்றாண்டு பல்லவர் வேலை, பாறையக் குடைஞ்சு செதுக்கினது, கல்லுக்கு இந்த வளைவு தேவையே இல்ல, மூங்கில வளைச்சு ஓலை வேய்ஞ்சாதான் இப்படி வரும். கல்லுக்குத் தேவையில்லாத வேலை எங்க இருக்கோ அங்க நில்லுங்க, அதுதான் சூத்திரம்.

அடுத்து பீம ரதம். நீளமா, கூண்டு வண்டிக் கூரை மாதிரி. நீலகிரில தோடர்களோட பழைய வீடும் இந்த மாதிரி அரை உருளை வடிவம்தான், அவங்க பால் கோயிலும் (எருமைப் பால பதப்படுத்துற புனிதக் கொட்டகை) அதே வடிவம்தான், அதாவது சாமிக்கும் மனுஷனுக்கும் ஒரே டிசைன்! சகாதேவ ரதத்துக்குப் பின்னாடி போய்ப் பாருங்க, முதுகு வளைஞ்சிருக்கும், தூங்கானை மாடம்னு சொல்றது இததான்.

இப்ப பீம ரதத்தோட பக்கவாட்டு முனைக்கு வாங்க. குதிரை லாடம் வடிவத்துல முகப்பு தெரியும். வளைஞ்ச கூரைய முனையில வெட்டினா கிடைக்கிற வடிவம் இது. அதையே குட்டியாக்கி கொடுங்கை மேல, அதாவது சுவருக்கு மேல வெளிய நீட்டிட்டு வளைஞ்சு இறங்குற கல் விளிம்பு மேல, வரிசையா வச்சிருக்காங்க, அதுக்குப் பேரு கூடு, சிலதுக்குள்ள ஒரு முகம் எட்டிப் பாக்கும். கொடுங்கையே குடிசையோட இறவாரம்தான்.

இதுக்கு 900 வருஷம் முன்னாடியே பீகார்ல பராபர் மலையில லோமச ரிஷி குகை வாசல்ல கைமர முனைகளக் கூட கல்லுல செதுக்கி வச்சிருக்காங்க. பக்கத்து சுதாமா குகைக்குள்ள வட்டக் குடிசை ஒண்ணு, ஓலை இறவாரத்தோட! மகாராஷ்டிராவுல லோனாவாலா பக்கம் பாஜா குகைல இன்னும் ஒருபடி மேல, கல் கூரைக்கு அடியில விலா எலும்பு மாதிரி வளைஞ்ச நிஜ மரச் சட்டத்தையே மாட்டியிருக்காங்க, எதையும் தாங்காது, சும்மா பழக்கதோஷம்.

பழகிட்டா உங்க ஊர் கோபுரத்து உச்சியப் பாருங்க, பீம ரதத்துக் கூரைதான் மேல ஏறி உக்காந்திருக்கும், ரெண்டு முனையிலயும் பெரிய கூடு.