நம்ம ஊரு கண்மாயில பறவை எண்ணுறது எப்படி

உலகம் பூரா காட்டு உயிருங்க 73 சதவீதம் சரிஞ்சுபோச்சுன்னு ஒரு நியூஸ் சுத்திக்கிட்டே இருக்குல்ல, அது காட்டு உயிரக் காக்குற டபிள்யூடபிள்யூஎஃப் அமைப்பு 2024ல விட்ட அறிக்கை, 1970லருந்து 2020 வரைக்குமான கணக்கு. ஆறு குளத்துல வாழுறதுக்கு மட்டும் 85 சதவீதம். ஆனா நூறு மிருகத்துல 73 செத்துச்சுன்னு அர்த்தம் இல்லைங்க, ஒவ்வொரு இடத்துக் கூட்டமும் எத்தன சதவீதம் குறைஞ்சுச்சுன்னு பாத்து எடுத்த சராசரி அது. ஒரு கண்மாயில 10 கொக்கு 1 ஆச்சு, பக்கத்து கண்மாயில 200 வந்து 180 ஆச்சுன்னு வைங்க, ஒண்ணுல 90 சதவீதம் போச்சு இன்னொண்ணுல 10, சராசரி 50, ஆனா மொத்தமா காணாமப் போனது 210ல 29தான். அவங்க போடுற கணக்கு இன்னும் சிக்கலானது, சூட்சுமம் இதான். இந்தக் கணக்கே எவனாவது முன்னாடி எண்ணி எழுதி வச்சிருந்தாதான் போட முடியும், அதுக்குத்தான் இம்புட்டும் சொல்றேன்.

இடம் பாக்குறப்ப மதுரை பக்கத்துல இருக்குற சாமநத்தம் மாதிரி பறவை குமியுற கண்மாயத் தேடி ஓட வேணாம். வீட்டுக்குப் பக்கத்துல மாசாமாசம் போக முடியுற கண்மாய் போதும். காலைல வெயில் ஏறுறதுக்குள்ள போயிருங்க, கிழக்குக் கரையில நின்னு மேக்க பாருங்க, அப்பத்தான் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும், இல்லேன்னா எல்லாமே கறுப்பாத்தான் தெரியும். மடையோ கலுங்கோ ஒரு அடையாளம் வச்சுக்கிட்டு ஒவ்வொரு தடவையும் அங்கயே நில்லுங்க.

போனதும் எண்ண ஆரம்பிக்காதீங்க, கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்க, அதுக பழகட்டும். அப்புறம் இடதுலருந்து வலது பக்கமா ஒரே போக்கா, குறைஞ்சது 15 நிமிஷம். கூட்டமா இருந்தா பத்து பறவைய எண்ணி அந்த அளவு எத்தன இருக்குன்னு பாத்துக்கலாம். முக்குளிப்பான் கிட்ட மட்டும் உஷாரு, இங்கிட்டு முங்கி அங்கிட்டு எந்திரிக்கும், ஒரே பறவைய மூணு தடவ எண்ணிருவோம். மடையான் கரையோரம் சேறு கலர்ல அசையாம உக்காந்திருக்கும், பக்கத்துல போற வரைக்கும் தெரியாது, எந்திரிச்சுப் பறந்தாத்தான் வெள்ளை றெக்கையே தெரியும். ஆகாயத்தாமரை மூடின கண்மாயா இருந்தா அதோட ஓரத்தப் பாருங்க, தாழைக்கோழி அங்கதான் மேயும்.

காக்கா, மைனாவ எல்லாம் விட்டுறாதீங்க! எங்க பாத்தாலும் இருக்குறத யாரும் எண்ண மாட்டாங்க, அதுதான் வினை. வெண்முதுகுக் கழுகு, பாறுன்னு சொல்லுவாங்கள்ல, ஒரு காலத்துல வடக்க செத்த மாடு கிடந்தா கூட்டங்கூட்டமா இறங்கும். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் வலி ஊசி, அந்தக் கறியத் தின்ன பாறுக்கு கிட்னிய காலி பண்ணிருச்சு, 99 சதவீதத்துக்கு மேல அழிஞ்சுபோச்சு. 2006லதான் மாட்டுக்கு அந்த மருந்தத் தடை பண்ணாங்க. அதுக்குள்ள செத்த மாடு அப்படியே அழுகி, தெருநாயி பெருகி, தண்ணி கெட்டு, 2000லருந்து 2005க்குள்ள கூடுதலா சுமார் 5 லட்சம் மனுசங்க செத்திருக்கலாம்னு 2024ல வந்த ஒரு பொருளாதார ஆய்வு சொல்லுது. பறவை போனா மனுசனுக்கு என்னன்னு கேக்குற ஆளுககிட்ட இதச் சொல்லுங்க.

எண்ணுனத இபேர்ட் ஆப்ல ஏத்துங்க, காசு கிடையாது. கடைசியில அடையாளம் தெரிஞ்ச எல்லாத்தையும் போட்டீங்களான்னு கேக்கும், உண்மையாவே போட்டிருந்தா மட்டும் ஆமான்னு குடுங்க. பேரு தெரியலேன்னா அடிச்சு விடாதீங்க, ஏதோ ஒரு உள்ளான்னு போடவும் அதுல வழி இருக்கு. மெர்லின் ஆப் சத்தத்த வச்சு பேரு சொல்லும், ஆனா கண்ணால பாக்காம அத நம்பி எழுதாதீங்க. தனியாப் பழக கூச்சமா இருந்தா பொங்கல் லீவுல தமிழ்நாடு பூரா நடக்குற கணக்கெடுப்புல சேந்துக்கங்க.

லிஸ்ட் எதுக்கு உதவும்னா, மதுரை மேலூர் பக்கத்துல இருக்குற நம்ம அரிட்டாபட்டியவே பாருங்க. 250 வகை பறவை இருக்குற இடம்னு 2022ல பல்லுயிர் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க, அப்புறம் டங்ஸ்டன் சுரங்கம் வருதுன்னதும் ஜனங்க இறங்கிப் போராடி 2025 ஜனவரியில ரத்தாச்சு. ஜெயிச்சது போராட்டம்தான், ஆனா எடுத்துச் சொல்ல அந்த லிஸ்டும் கையில இருந்துச்சு. உங்க கண்மாய் கணக்கையும் வருசம் ஒருவாட்டி கிராம சபையில குடுத்து வைங்க.

பறவை கட்டுன கூட்டை போட்டோ எடுத்து லொகேஷனோட போடாதீங்க, ஆளுக கெளம்பி வந்துருவாங்க. செருப்பு சரிப்படாது, ஷூ போட்டுக்கங்க, கரை பூரா சீமைக்கருவேல முள்ளுதான்.