ராலிப் பந்தயத்தில் தன்னார்வலராகப் பணியாற்றுவது எப்படி?

ராலியில் வாகனங்கள் பொதுப் போக்குவரத்துக்கு அடைக்கப்பட்ட சாலைகளில் ஒன்றன்பின் ஒன்றாக, குறித்த இடைவெளியில் புறப்படுவதால், நீண்ட பாதை முழுவதையும் கண்காணிக்கத் தன்னார்வ மார்ஷல்கள் பெருமளவில் தேவைப்படுகிறார்கள். ஏற்பாடு செய்யும் மோட்டார் சங்கத்திடம் முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்து, அவர்கள் நடத்தும் பயிற்சியில் தவறாமல் கலந்துகொள்ளுங்கள்.

சாலை அடைக்கப்படும் முன்பே உங்கள் இடத்தை அடைந்துவிட வேண்டும். அதன்பின் உள்ளே செல்ல வழியிராது. மழையுடை, குடிநீர், உணவு, விசில், கைவிளக்கு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள்.

எங்கே நிற்கிறோம் என்பதே எல்லாவற்றிலும் முக்கியமானது. கட்டுப்பாட்டை இழக்கும் வாகனம் பெரும்பாலும் வளைவின் வெளிப்புறமாகவே பாய்கிறது என்பதால், அங்கே ஒருபோதும் நிற்காமல், சாலையைவிட உயரமான, பின்வாங்க இடமுள்ள பகுதியைத் தேர்ந்தெடுத்து, பார்வையாளர்களையும் அவ்வாறே நிற்கச் செய்யுங்கள். கனிவாகச் சொன்னால் பெரும்பாலோர் கேட்பார்கள். கேட்காதவர்களைப் பற்றி உடனே உங்கள் நிலையப் பொறுப்பாளருக்குத் தெரிவியுங்கள்.

விபத்து நேர்ந்தால், அந்த வாகனத்தின் ஓட்டுநரும் இணை ஓட்டுநரும் காட்டும் பலகையை முதலில் பாருங்கள். ‘ஓகே’ என்றால் மருத்துவ உதவி தேவையில்லை. சிவப்பு ‘எஸ்ஓஎஸ்’ என்றால் உடனடியாக வானொலித் தொடர்புக் கருவி (வாக்கி-டாக்கி போன்றது) வழியே செய்தி அனுப்ப வேண்டும். எந்தப் பலகையும் தெரியாவிட்டால் அதையும் அவசரநிலையாகவே கருதுங்கள். பதற்றத்தில் சாலைக்குள் ஓடுவது, அடுத்த வாகனம் வந்துகொண்டிருக்கக்கூடும் என்பதால், மிகவும் ஆபத்தானது. சிவப்புக் கொடியையும் மேலிட உத்தரவு வந்த பிறகே காட்ட வேண்டும்.

இறுதி வாகனத்துக்குப் பின்னால் வரும் அதிகாரிகளின் வாகனம் கடந்து, விடுவிப்பு அறிவிக்கப்படும் வரை இடத்தைவிட்டு அகலாதீர்கள்.