மார்கழிக் கடல் நீச்சல்: தூண்டில் வளைவுப் பக்கம் இறங்காதீர்கள்

அரையாண்டு விடுமுறை விட்டால் சங்குத்துறை, சொத்தவிளைப் பக்கம் கூட்டாகக் கடல் நீந்த வருவோர் அதிகம். குடித்துவிட்டு இறங்காதே, தனியே போகாதே என்பதெல்லாம் தெரிந்ததுதான். தெரிந்தவர்களும் வருஷந்தோறும் செய்யும் தப்பு வேறு.

அலையில்லாத இடத்தை நம்புவது

குமரிக் கரையில் பல ஊர்களில் தூண்டில் வளைவு, அதாவது கரை அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர், உண்டு. மற்ற இடமெல்லாம் அலை மடிந்து உடையும்போது கல்லோரம் மட்டும் சும்மா கிடக்கும். குளத்தில் நீந்திப் பழகியவர்கள் நேராக அங்கேதான் இறங்குகிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் அங்கேதான்! அது கடலின் வடிகால். அலை கரையில் கொட்டிய தண்ணீர் திரும்பிப் போக ஆழமான தடம் வேண்டும். கல்லோரத்தில் மணல் அரித்து அந்தத் தடம் உண்டாகிறது. ஆழம் கூடுதல் என்பதால்தான் அலை அங்கே உடைவதில்லை. இழுப்பு முறுகினால் நொடிக்கு 2 மீட்டர் வரை போகும். ஒலிம்பிக் வீரரே எதிர்த்து நீந்தித் தாக்குப்பிடிக்க முடியாது.

இறங்குமுன் ஒரு கதம்பை (தேங்காய் மட்டை) துண்டை எறிந்து கால்மணி நேரம் பாருங்கள். நுரையும் கலங்கலும் அதனுடன் சேர்ந்து வெளியே நகர்ந்தால் நல்ல தூரம் தள்ளிப் போய்விடுங்கள். இரண்டு நிமிஷம் பார்த்தால் போதாது. பெரிய அலைகள் கூட்டங்கூட்டமாக வரும், இடையில் கடல் சாதுவாகக் கிடக்கும்.

சிக்கினால் கரையைப் பார்த்து அடிக்காதீர்கள். மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள். இழுப்பு தளர்ந்ததும் கல்லை விட்டு விலகி, கரைக்கு இணையாக நீந்தி, அலை உடையும் இடம் வழியாக உள்ளே வாருங்கள். கல்லைப் பிடித்து ஏற நினைக்கவே வேண்டாம்: பாசி வழுக்கும், சிப்பி கிழிக்கும், அடுத்த அலை மண்டையைக் கல்லில் மோதும்.

இருட்டில் இறங்குவது

மார்கழிக் கடைசியில் சூரியன் தலைகாட்ட 6.40 ஆகும். பொறுங்கள்.

நம்மூர்க் கடலில் குளிர் ஏது என்பது

தண்ணீர் 27, 28 டிகிரிதான். ஆனாலும் காற்றைவிடப் பல மடங்கு வேகத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஒரு மணி நேரம் நீந்தி ஏறியவரை வாடைக்காற்று நடுக்கிவிடும். முதலில் ஈரத்துணியைக் கழற்றி, துவட்டி, உலர்ந்த சட்டை போடுங்கள். சுக்குக்காப்பி பிறகு. படம் எடுப்பது அதற்கும் பிறகு.

சொறி (ஜெல்லி மீன்) பட்ட இடத்தில் மணல் தேய்ப்பது

தேய்க்காதீர்கள். கடல் தண்ணீரால் கழுவுங்கள், நல்ல தண்ணீர் வேண்டாம்.

கள்ளக்கடல் எச்சரிக்கையை அலட்சியம் செய்வது

கள்ளக்கடல் என்பது தொலைதூரக் கடலில் எழுந்து வந்து திடீரெனக் கரையேறும் பெரிய அலை; இங்கே காற்றே இல்லாத நாளிலும் வரும். 2024 மே 6 அன்று குமரி மாவட்ட லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் இறந்தது அப்படித்தான்.

டீக்கடையில் தலை எண்ணுவது

இறங்கும்போது எண்ணியவர், தண்ணீர் ஓரத்திலேயே நின்று மறுபடியும் எண்ண வேண்டும்; கணக்கு சரியான பிறகு ஆட்கள் கலையலாம்.